தங்கச்சி வாசல்

அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று ஜெலினுக்குப் பிடிபடவில்லை. இருட்டி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கடல் இரைச்சலுக்கு மேலே, நீளமாக, தாழ்வாக, ஏதோ பெரிய மிருகம் மூச்சை உள்ளே இழுத்துவிட்டு வெளியே விட மறந்துபோனதைப்போல வந்தது அது. கூச்சல் இல்லை, அழுகை இல்லை, பாட்டும் இல்லை. தோளில் கிடந்த பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை தானாக நின்றது. காலையில் நர்ஸ் போட்டுவிட்டுப் போன தடுப்பூசியின் சூடு அபிஷாவின் தொடையிலிருந்து நைட்டியைத் தாண்டி அவள் தோலில் சுட்டது. இன்னொரு தடவை வந்தால் தெரிந்துவிடும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வராமல் இருப்பதும் ஒரு சத்தம்போல இருந்தது. பிறகுதான், ஓ, பந்து உள்ளே போகவில்லை, அவ்வளவுதான் என்று உறைத்தது. கோல் கம்பத்தில் பட்டிருக்கும், இல்லை ஒரு சாண் வெளியே போயிருக்கும், நாலாயிரம் பேர் ஒன்றாக எழுந்து ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை வருஷம் கேட்ட சத்தம் அது. ஆறு கடலில் சேருகிற பொழிக்கு மேற்கே வெள்ளைமணலில் பிறந்து வளர்ந்த இருபத்திரண்டு வருஷமும் கேட்டது. ஆனால் அங்கே அது பொழியின் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்து சுத்தமாகக் காதில் ஏறும். இங்கே, பொழிக்குக் கிழக்கே பாறைத்துறையில், சவுக்கு மரங்களுக்குள் புகுந்து, ஊசி இலைகளில் கிழிபட்டு, வேறு யாரோ ஆகி வருகிறது. அதே மைதானம், அதே ஆட்கள், அதே ஃபைனல். கேட்கிறவள் நிற்கிற கரை மாறினால் சத்தம்கூட ஆள் மாறிவிடுமா? பயத்துக்கு நடுவில் இந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. கான்வென்டில் இப்படி ஏதாவது கேட்டால் சிஸ்டர் கொன்சாகா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார், ஜெலின், நீ படிக்கிறதைவிட யோசிக்கிறது ஜாஸ்தி. யோசித்தால் என்ன. யோசித்துக்கொண்டே இருந்தால் கதவைப் பார்க்காமல் இருக்கலாம்.

கதவு திறந்து கிடந்தது. முழுக்கத் திறந்து சுவரோடு ஒட்டிக்கிடந்தது, வாசலில் மஞ்சள் பல்பு எரிந்தது, நிலையில் தொங்கிய துணித்திரை காற்றில் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக யாரோ எட்டிப்பார்க்கிற மாதிரியே அசைந்தது. சுனாமிக் குடியிருப்பில் கடைசி வரிசையில் கடைசி வீடு அது. அதற்கப்புறம் தோப்பு, தோப்புக்கப்புறம் மணல். சாதாரண நாளில் ஏழு மணிக்கெல்லாம் அடைத்து, தாழ்ப்பாள் போட்டு, தண்ணீர்க் குடத்தையும் அணைகொடுத்து வைக்கிறவள். இன்றைக்கு அடைக்கக் கூடாது. பாறைத்துறை புனித யூதா கழகமும் வெள்ளைமணல் புனித செபஸ்தியார் கழகமும் ஃபைனலில் மோதுகிற இரவில், எதிர் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்ணின் வீட்டுக் கதவு பூட்டப்படுவதில்லை. தங்கச்சி வாசல் என்று அதற்குப் பேர். மைதானத்தில் அடிதடி வந்தால் அகப்பட்டுக்கொண்ட எதிர் ஊர்க்காரன் எவனும் அந்த வாசலுக்குள் ஓடி ஏறிவிடலாம். படிக்கு இந்தப் பக்கம் அவன்மேல் கை விழாது. கம்போடு துரத்தி வந்தவனும் படியிலேயே நின்று, நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஜெலின் பிறப்பதற்கு முந்தைய வருஷம், பாலத்துக்கு ஓட வழியில்லாமல் பொழியில் குதித்த வெள்ளைமணல்காரன் ஒருவன் மூன்றாம் நாள் முகத்துவாரத்தில் ஒதுங்கினானாம். அதற்குப் பிறகு ஏற்பட்டது இது. பங்குச்சாமியும் போலீசும் செய்யவில்லை, இரண்டு ஊருக்கும் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் பேசிச் செய்தது. பாறைத்துறையில் இப்போது அப்படிப் பதினொரு வீடு. ஒரு டீமுக்கு ஆள் இருக்கு, கோல் போஸ்ட்தான் பாக்கி என்று அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். ஜெலினுக்கு இது முதல் தடவை. கல்யாணமான வருஷம் புதுப்பெண் என்று மைதானத்துக்கே அழைத்துப் போய்விட்டார்கள். போன வருஷம் கடல் ஏறிவந்து மைதானத்தில் தண்ணீர் நின்றதால் ஃபைனல் நடக்கவில்லை. இந்த வருஷம் பிள்ளைக்குக் காய்ச்சல். பச்சைக் கரைபோட்ட சேலை உடுத்திக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்ட மாமியார் திரேசம்மா, இரண்டு தெரு தள்ளி இருக்கிற தன் வீட்டிலிருந்து இதற்காகவே வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்: "கதவுல கை வைக்கப்பிடாது கேட்டியா. கப்பு கோயிலுக்குப் போயி மணி அடிக்கிறது வர தொறந்துதான் கெடக்கணும். லைட்டையும் அணைக்கப்பிடாது."

"பயமாட்டு இருக்கு மாமி."

"என்னத்துக்குப் பேடி? வாறது ஒனக்க ஆளுவதானே. எனக்க ஆளுவள அடிச்சுத் தல்லிப்போட்டு ஓடி வருவானுவ, நீ சாயா போட்டுக் குடு." சொல்லிவிட்டுப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், முகம் மாறியது, ஈரத்துணி போடு என்றாள், அப்புறம் வீட்டிலிருந்த ஒரே செல்போனையும் எடுத்துக்கொண்டாள். துபாயில் இருக்கிற மகளுக்குக் கோல் விழ விழச் சொல்ல வேண்டுமாம்.

யார் வருவான் என்பதை ஜெலின் மதியத்திலிருந்தே மனசுக்குள் வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ரெக்சன் வருவான். செபஸ்தியார் டீமின் ஸ்டாப்பர் பேக் அவன், சிவப்பு பனியன், நாலாம் நம்பர். நெற்றியில் ரத்தத்தோடு வருவான், திரையை விலக்குவான். வந்ததும் என்ன செய்வான்? பிள்ளையைத் தூக்குவானா? ஞானஸ்நானத்துக்குப் பிறகு பிள்ளையைப் பார்க்கவில்லை. அவன் பின்னாலேயே கொழுந்தன் டயஸ் துரத்திக்கொண்டு வருவான், யூதா டீமின் சென்டர் ஃபார்வர்டு, பச்சை பனியன், ஒன்பதாம் நம்பர். திரேசம்மாவின் இளைய மகன். இதே வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு மைனி இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டியவன், படியில் கம்போடு நிற்பான். அவனிடம் என்ன சொல்வது? உள்ளே வா என்றா, வராதே என்றா? வராதே என்று ஒரு கொழுந்தனிடம் சொல்லலாமா? இந்த இரண்டு பேரையும் விட்டு மனசு மூன்றாவது ஆளிடம் போக மறுத்தது, போனால் அங்கேதான் மாட்டிக்கொள்ளும் என்று தெரியும், தெரிந்தும் போனது. கிளீட்டஸ். அவள் புருஷன் விளையாடவில்லை, அவன் கொடி பிடிக்கிறான். ரெஃப்ரி வெளியூர்க்காரர். ஆனால் கோட்டோரம் கொடி பிடிக்கிற இரண்டு பேரும் எதிர் ஊரில் பெண் எடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்று இரண்டு ஊர்க் கமிட்டியும் சேர்ந்து வைத்த ஏற்பாடு. வெள்ளைமணலிலிருந்து ஒருவன், பாறைத்துறையிலிருந்து ஒருவன். அவனுக்கு ரெண்டு பக்கமும் வலிக்கும், அதனால ஒரு பக்கமாச் சாய மாட்டான் என்று கமிட்டித் தலைவர் சொன்னாராம். இதைக் கிளீட்டஸ் பெருமையாக வந்து சொன்னான். ரெண்டு பக்கமும் வலிக்கிறவனை நடுவில் நிறுத்துகிறார்களே, அவனுக்கு வலிக்கும் என்பதையே ஒரு தகுதியாக வைத்து.

நேற்று ராத்திரி அவனிடம் ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டாள். வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை, அர்த்தம் மட்டும் தெரியாது. ஆண்கள் கத்துவார்கள், பெண்களும் கத்துவார்கள், அவளும் கத்தியிருக்கிறாள். அவன் உற்சாகமாகப் பாயில் மைதானம் போட்டான். பவுடர் டப்பா கோலி, பிள்ளையின் காலுறை ரெக்சன், கிலுகிலுப்பை டயஸ். "பந்தத் தட்டுத அந்த நொடியில, கேட்டியா, டயஸ் ரெக்சனத் தாண்டி நிக்கப்பிடாது. தட்டினப்புறம் ஓடலாம், பறக்கலாம். தட்டுத நொடிதான் முக்கியம்."

"தட்டுதவன் ஒரு மூலையில நிப்பான், நிக்கிறவன் ஒரு மூலையில நிப்பான். ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல எப்படிப் பாப்பிய?"

"ரெண்டு கண்ணு இருக்குல்லா."

"ரெண்டு கண்ணும் ஒரு பக்கந்தானே பாக்கும்?"

கிளீட்டஸ் சிரித்துவிட்டான், நீ ரெஃப்ரிக்குப் படிச்சிருக்கலாம் என்றான். பிறகு ரகசியம் சொல்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தி, நிற்கிறவனைக் கண்ணால் பார்க்க வேண்டும், தட்டுகிறவனைக் காதால் கேட்க வேண்டும், டப்பென்று சத்தம் வந்த கணத்தில் கண் எங்கே இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு என்றான். அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கேட்டுக்கொண்டே பார்க்கிற வேலை. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எங்க அண்ணன் ஆஃப்சைடுல நின்னா கொடி தூக்குவியளா என்றாள். தூக்குவேன் என்றான், உடனே. எங்க ஆளுவ செரியா நின்னு கோல் அடிச்சா? அதுக்கென்ன, கோலுதான், உடனே. டயஸ் ஆஃப்சைடுல நின்னா? கொசுவலைய எறக்கு என்றான். அவ்வளவுதான் நடந்தது. கொசுவலையை இறக்கினாள், விளக்கை அணைத்தாள், படுத்தாள், அந்த இடைவெளி மட்டும் அணையவில்லை. கேள்விக்கும் கொசுவலைக்கும் நடுவில் எத்தனை நேரம் இருந்திருக்கும்? இரண்டு மூச்சு? பந்தைத் தட்டுகிற நொடியைவிட நிச்சயம் பெரிது. அந்த இரண்டு மூச்சில் அவன் எங்கே போய்வந்தான்? அப்பாவைக் கடல் கொண்டுபோனபிறகு டயசைத் தோளில் வைத்து வளர்த்தவன் அவன்தான். தூக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவன் சொல்லாமல் விட்டதை இப்போது நாலாயிரம் பேருக்கு நடுவில், விளக்கு வெளிச்சத்தில், கோட்டோரம் சுமந்துகொண்டு ஓடுகிறான், அவள்தான் சுமத்தினாள். அவ்வளவு கூச்சலில் டப்பென்ற சத்தம் காதில் விழுமா? விழாவிட்டால்? விழுந்தும், இரண்டு மூச்சுக் கழித்து விழுந்தால்?

டமாரென்று வெடித்தது. அவள் துள்ளியதில் பிள்ளை ஒருமுறை விசும்பியது. கோல். இது சந்தேகமில்லாத கோல், அதிர்வேட்டு, செண்டை, விசில், எல்லாம் ஒன்றாக. யாருடையது? சத்தம் எவ்வளவு பெரிதாகப் பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் கேட்டால் நம்முடையது, தூரத்தில் கேட்டால் அவர்களுடையது, வெள்ளைமணலில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். அதனால் ஒரு கணம் அவள் உடம்பு, மனசைக் கேட்காமலே சந்தோஷப்பட்டது, நம்முடையது. அப்புறம்தான் பக்கம் என்பது இப்போது பாறைத்துறை என்று ஞாபகம் வந்தது. அப்படியானால் யூதா கோல் அடித்திருக்கிறது, பச்சை அடித்திருக்கிறது, சந்தோஷப்பட்டது சரிதான், மருமகளாகச் சரிதான். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி மைக்கைக் கொண்டுவந்தது. வர்ணனை செய்வது ஓய்வுபெற்ற வாத்தியார். "…அலைகடலெனத் திரண்டு வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே, மின்னலென வந்து தாக்கிய அந்த இணையற்ற கோலை நமக்குத் தந்த…" காற்று போய்விட்டது. யார் தந்த? தந்தது யார்? ஜெலின் வாசல்வரை போய்க் காதைத் திருப்பினாள். "…சிறிது குடிநீர் அருந்திவிட்டு…" என்று வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாக, கூச்சலின் அடியில், ஒரு டிரம்பெட் கேட்டது. டிரம்பெட் வெள்ளைமணல் பேண்டில்தான் உண்டு. அப்போது பக்கத்தில் கேட்டது காற்று செய்த வேலை. சிவப்புதான் அடித்திருக்கிறது. இப்போது மனசு சந்தோஷப்பட வேண்டும், உடம்பு ஏற்கெனவே பட்டு முடித்துவிட்டது, மனசு அதற்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தது. இதென்ன கூத்து. இரண்டு நிமிஷத்துக்குள் இரண்டு ஊருக்காகவும் சந்தோஷப்பட்டாயிற்று, இரண்டுமே பொய்யில்லை.

கான்வென்டில் இது நடந்திருக்கிறது. த்ரோபால் போட்டியில் பாதி ஆட்டம் முடிந்ததும் சிஸ்டர் கொன்சாகா கைதட்டுகிற பிள்ளைகளை எழுப்பி, நீல பேட்ஜ் குத்தியவர்கள் சிவப்பும் சிவப்பு குத்தியவர்கள் நீலமும் மாற்றிக் குத்திக்கொள்ளச் சொல்வார். ஆணவம் கரையட்டும் என்பார். மற்ற பிள்ளைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒப்புக்குத் தட்டுவார்கள். ஜெலினால் ஐந்தே நிமிஷத்தில் புது நிறத்துக்கு உயிரை விட்டுக் கத்த முடிந்தது. சிஸ்டர் மெச்சினார். அவளுக்கோ அன்று இரவு டார்மிட்டரியில், ஆத்தும சோதனை செய்கிற அந்தப் பத்து நிமிஷ மௌனத்தில், பயமாக இருந்தது. இவ்வளவு சுலபமாக மாறுகிறது என்றால் முதலில் இருந்தது என்ன? இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா, இதற்கு என்ன பேர்? ஆனால் சுலபமாக மாறாத இடமும் ஒன்று இருந்தது, அதையும் கண்டுபிடித்திருக்கிறாள். கல்யாணமான வருஷம், பாறைத்துறைப் பெண்களுக்கு நடுவில், பச்சை ரிப்பன் கட்டி உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கோலி விழுந்துகிடக்க, வலையை நோக்கி உருண்டுகொண்டிருந்த பந்தைக் கோட்டின்மேல் வைத்து ரெக்சன் உதைத்து வெளியேற்றினான், டயஸ் அடித்த பந்து. அவள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். எழுந்ததே தெரியாது. முந்நூறு பெண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, பச்சை ரிப்பனோடு ஒருத்தி மட்டும் நின்று தட்டுகிறாள். திரேசம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள், "இரிட்டீ. ஊரு பாக்குது." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "பிள்ளைக்குக் காலுல எறும்பு கடிச்சுப்போட்டு" என்றாள். யாரும் நம்பவில்லை. ஆறு மாசம் அவளுக்கு எறும்பு என்றே பேர்.

"ஏட்டி எறும்பு! கதவு தொறந்துதானே கெடக்கு?" எதிர் வரிசையிலிருந்து ரீத்தா அக்கா. அவளும் வெள்ளைமணல்காரி, அவளுடையதும் தங்கச்சி வாசல், பதினாலு வருஷமாகத் திறந்துவைக்கிறவள். வாசல் பல்புக்குக் கீழே கால்நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"தொறந்துதான் கெடக்கு அக்கா. கோலு யாருக்கு?"

"நம்மாளுவளுக்கு. டிரம்பெட்டு கேக்கலியா? இங்கேருந்து சத்தமாச் சொல்லாத, தெருமுனை அந்தோணியாரு கேட்டாலும் பாறைத்துறைக்காரருதான். வாறவனுக்குக் குடுக்க என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கல்ல. உள்ளதா வருவாவளா அக்கா?"

"எனக்கு ரெண்டு தடவ வந்திருக்கு. மொத தடவ வந்தவன் யாருண்ணு நினைக்கிய? என்னைப் பொண்ணு கேட்டு, எங்கப்பா குடுக்க மாட்டேன்னு சொன்னாரே, அவன். சட்ட கிழிஞ்சு, நெஞ்சு கிதுகிதுன்னு அடிக்க, எனக்க கட்டிலுக்கடியில போயிக் கெடந்தான். எனக்க மாப்பிள படியில நின்னுட்டு, வெளிய வாலே வெளிய வாலேன்னு. வரமுடியுமா? ரெண்டு பேரயும் பாத்துட்டு நான் சிரிச்ச சிரிப்பு, மாதாவே." வெற்றிலையைத் துப்பினாள். "காலையில சாயா குடிச்சிட்டுத்தான் போனான். ரெண்டு பேருமாட்டு இருந்து குடிச்சானுவ."

ஜெலின் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தால் பயம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. ரீத்தா அக்காவின் கதையில் எல்லாரும் காலையில் சாயா குடிக்கிறார்கள், தன்னுடைய கதை இன்னும் ராத்திரியிலேயே இருக்கிறது. வந்தவன் எதிர் ஊர்க்காரன் என்றால் வாசல் காக்கும். கொடி பிடிக்கிறவன் எந்த ஊர்? வெள்ளைமணல்காரன் துரத்தினால் கிளீட்டஸ் தன் ஊருக்குள் ஓடலாம். பாறைத்துறைக்காரன் துரத்தினால் எங்கே ஓடுவான்? பாலத்தைத் தாண்டி மாமனார் வீட்டுக்கா? பாலத்துக்கு வழி மைதானத்தைச் சுற்றித்தான். பொழி இருக்கிறது, பொழியை நினைக்கக் கூடாது. அவன் நீந்துவான், கடல்காரன், நன்றாக நீந்துவான், பொழியில் ஒதுங்கியவனும் கடல்காரன்தான். வேண்டாம். பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப்போட்டாள். திரை உள்ளே வந்தது. ஏதோ நிழல் படியில் ஏறியது, நாய். நாய் அவளைப் பார்த்தது, வீடு திறந்து கிடப்பது அதற்கும் புதுசு, உள்ளே வரலாமா என்று யோசித்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனது. அவளுக்கு என்ன வேண்டும்? சிவப்பு ஜெயிக்க வேண்டுமா, பச்சை ஜெயிக்க வேண்டுமா? நேர்மையாகச் சொல், ஜெலின், ஆத்தும சோதனை மாதிரி. சிவப்பு ஜெயித்தால் அண்ணன் கப்பைத் தூக்குவான், பார்க்க ஆசைதான். பச்சை ஜெயித்தால் இந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குச் சண்டையில்லை, மாமி பாயாசம் வைப்பாள். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் லேசாக இருந்தன. கனமாக இருந்தது வேறொன்று. டயஸ் ரெக்சனைத் தாண்டி நிற்கவே கூடாது. இந்த ஒரு ராத்திரி மட்டும், ஆட்டம் முடிகிறவரை, அவன் தம்பிக்கும் என் அண்ணனுக்கும் நடுவில் அந்த ஒரு சாண் இடம் உண்டாகவே கூடாது. கொடிக்கு வேலையே வரக் கூடாது. இதற்கு எந்தப் புனிதரை வேண்டுவது? யூதா பாறைத்துறைக்காரர், செபஸ்தியார் வெள்ளைமணல்காரர், மாதா பொதுதான், ஆனால் மாதாவுக்கு ஆஃப்சைடு புரியுமா? பாயில் காலுறை வைத்து விளக்க வேண்டியிருக்கும்.

அப்போது எழுந்தது ஒரு ஆரவாரம். இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல, தோப்பே எழுந்து நின்றதுபோல, கிழக்குப் பக்கமெல்லாம் செண்டை அதிர, இது பச்சை, சந்தேகமேயில்லை, யூதா சமன் செய்துவிட்டது, ஒன்றுக்கு ஒன்று, அவள் நெஞ்சு அதோடு ஏறிக்கொண்டே போனது, ஏறி உச்சிக்குப் போகிற இடத்தில் சத்தம் அறுந்தது. தேயவில்லை, அடங்கவில்லை, குழாயைத் திருகி அடைத்ததுபோல அப்படியே நின்றது. கடல் கேட்டது. பல்பைச் சுற்றிய பூச்சி கேட்டது. சந்தோஷத்தை நடுவில் அறுக்க எதனால் முடியும்? மின்சாரம் போனாலும் சந்தோஷம் போகாது, இருட்டிலும் கத்துவார்கள். யாராவது செத்தால்? செத்தாலும் இவ்வளவு பேருக்கு ஒரே நொடியில் எப்படித் தெரியும்? நாலாயிரம் பேரும் ஒரே நொடியில் பார்க்கக்கூடியதாக, உயரமாக, ஓரத்தில், தனியாக இருக்கிற ஒன்று. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயப்படுவதற்குப் பதிலாக ஒரு கணம், ஒரே ஒரு கணம், விசித்திரமான ஒரு நிதானம் வந்தது, இங்கேயிருந்தே அவனுடைய கை தெரிந்தது, தோளிலிருந்து நேராக மேலே, கொடியின் ஆரஞ்சுத் துணி காற்றில் படபடக்க, முகம் மட்டும் தெரியவில்லை. நேற்றுக் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பதில் சரியா என்றுதான் தெரியவில்லை. நிஜமாகப் பார்த்தானா? இல்லை, அந்த இரண்டு மூச்சு அவன் கையைத் தூக்கிவிட்டதா? தம்பிக்காகத் தூக்காமல் இருந்துவிடுவானோ என்று மனைவி சந்தேகப்பட்டாள் என்பதற்காகத் தூக்கினானா? அப்படித் தூக்கியிருந்தால் தூக்கியது அவள். பிறகு இன்னொரு சத்தம் தொடங்கியது, கீழேயிருந்து, மணலுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, நீண்ட விசில் அதை வெட்டியது, ஆட்டம் முடிந்தது, மைக்கில் வாத்தியார் அமைதி அமைதி என்று செந்தமிழை எல்லாம் மறந்து கத்தினார், மைக்கும் நின்றது.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ரீத்தா அக்கா எழுந்து நின்று தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணலில் ஓடுகிற கால் தனியாகக் கேட்கும், கரையில் பிறந்தவர்களுக்கு அதில் குழப்பம் வராது. ஒருவன், அவனுக்குப் பின்னால் கனமாக இன்னொரு ஆள், அதற்கும் பின்னால் நிறைய. ஜெலின் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அறையின் நடுவில் நின்றாள். வரப்போவது யார் என்று பார்க்கிற ஆசை பயத்தைவிட ஒரு விரற்கடை முன்னால் நின்றது, அவளுக்கே வெட்கமாக இருந்தது. திரை கிழிபடுகிற மாதிரி விலகியது. கிளீட்டஸ். சட்டையின் ஒரு கை தோளோடு போயிருந்தது, கன்னமெல்லாம் மணல், கீழ் உதடு வீங்கியிருந்தது. உள்ளே வந்து சுவரோடு சாய்ந்து அப்படியே வழுக்கி உட்கார்ந்தான். அவன் பின்னால் படிவரை வந்து நின்றது திரேசம்மா. ஐம்பத்தெட்டு வயசில் மணலில் ஓடி வந்திருக்கிறாள், செருப்பு இல்லை, கொண்டை அவிழ்ந்து கிடந்தது. உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு இரைத்தாள்.

"என்னாச்சு மாமி?"

"ஒண்ணும் ஆகல்ல. ஒனக்க அண்ணன் ஜெயிச்சான். இவன் கொடி தூக்கினான்."

"யாருக்கு?"

"எனக்க எளைய மவனுக்கு."

ஜெலின் கிளீட்டசைப் பார்த்தாள். அவன் பிள்ளையைப் பார்த்து, "காய்ச்சல் விட்டுதா?" என்றான். கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், இப்போது கேட்கவே கூடாது, தோப்புக்குள் டார்ச் வெளிச்சங்கள் ஆடத் தொடங்கிவிட்டன. ஆனால் கேட்காமல் விட்டால் வாழ்நாள் முழுக்க இந்த வீட்டில் இவனோடு படுத்துக்கொண்டு இதை யோசித்துக்கொண்டிருப்பாள், கொசுவலைக்குள், ஒவ்வொரு இரவும். "ஆஃப்சைடு உள்ளதுதானா?" என்றாள். அவன் வாயைத் திறந்தான். பதில் படியிலிருந்து வந்தது.

"நான் கண்டேன்ட்டி. கோட்டுக்கு நேரே இருந்தேன். ஒரு காலு முழுசா முன்னால நின்னான் டயஸ். ஒனக்க அண்ணன் அவனுக்குப் பின்னால கெடந்து கையத் தூக்குதான்."

"அப்ப அத அவியகிட்டச் சொல்லுங்க மாமி!"

"சொல்ல மாட்டேன்." திரேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் பாறைத்துறைக்காரி. எவன் கேட்டாலும் ஆஃப்சைடு இல்லன்னுதான் சொல்லுவேன். சாவுறது வர சொல்லுவேன். அதுக்குன்னு பெத்தவனத் தல்ல விட முடியுமா? கதவப் பூட்டு."

"கோயில் மணி அடிக்கல்லியே. எங்க ஊருக்காரவிய யாராவது ஓடி வந்தா…"

"ஒங்க ஊருக்காரவிய கப்பத் தூக்கிட்டுப் பாலம் தாண்டியாச்சு. அவனுவளுக்கு இண்ணைக்கு ஒரு வாசலும் வேண்டாம். ஓடி வந்தவன் இவந்தான். பூட்டுட்டி." சொல்லிவிட்டுத் திரும்பி, வீட்டுக்கு முதுகைக் காட்டி, படியில் அகலமாக உட்கார்ந்துகொண்டாள். சேலையை முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டாள். எதிர்ப்புறம் ரீத்தா அக்கா வெற்றிலைத் தட்டோடு தெருவைக் குறுக்கே கடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டயஸின் குரல்தான் முதலில் வந்தது, உடைந்துபோன குரல், "அண்ணா, வெளிய வா. ஒண்ணுமே செய்யமாட்டேன். ஒரு வார்த்த கேக்கணும், அவ்வளவுதான்." அவன் பின்னால் மற்றவர்கள் அவ்வளவுதான் என்கிற குரலில் இல்லை.

ஜெலின் பிள்ளையைக் கிளீட்டசின் மடியில் வைத்தாள். கதவைச் சுவரிலிருந்து பிரித்துத் தள்ளினாள். உப்புக்காற்றில் ஊதிப்போன பலகை பாதியில் தரையைப் பிடித்துக்கொண்டது. தோளைக் கொடுத்து முட்டினாள், மூடிக்கொண்டது. கடைசி இடுக்கில் இரண்டு பெண்களின் முதுகு தெரிந்தது, அதற்கப்பால் டார்ச் வெளிச்சம், அதுவும் மறைந்தது. தாழ்ப்பாள் துளைக்கு நேரே வரவில்லை. இரண்டு கையாலும் கதவைத் தூக்கிப் பிடித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம், காதுக்கு வெகு பக்கத்தில், மாமியின் குரல் கேட்டது: "இல்லதான் மக்கா, ஆஃப்சைடு இல்லதான். நானும் கண்டேன். இருங்கலே எல்லாரும், எனக்கு மூச்சு வாங்கட்டும்." ஜெலின் விரல் நசுங்க இன்னொரு தடவை அழுத்தினாள். இரும்பு ஒருமுறை முனகிவிட்டுத் துளைக்குள் இறங்கியது.